வாசலில் விழுந்தவர்கள்

கமதா சுமியேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக ஓடியாடியவள். முதுகில் வட்டு விலகியபின் அதே ஆஸ்பத்திரியின் விபத்துக் காயப் பிரிவில், மூன்றாவது மாடியில், ஜன்னலில்லாத ஓர் அறையில் அவளை உட்காரவைத்தார்கள். அடிபட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு படிவம் உண்டு. எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, காலில் என்ன போட்டிருந்தார், கூட யார் இருந்தார்கள் என்று தொண்ணூற்றிரண்டு கட்டங்கள். நிரப்பிய படிவம் டோக்கியோவுக்குப் போய் நாடு முழுக்க உள்ள காயங்களின் பதிவேட்டில் சேரும். டாக்டர்கள் அதை வைத்துக் கட்டுரை எழுதுவார்கள். கட்டுரையைப் பார்த்து நகரசபை ஏதாவது செய்யும். பெரும்பாலும் செய்யாது.

சுமியே பிடிவாதக்காரி. 'தடுக்கி விழுந்தார்' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்புகிற இளம் டாக்டர்களைப் போனில் கூப்பிட்டு, எதில் தடுக்கினார் என்று கேட்பாள். தெரியாது என்றால் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்வாள். கீழே அவசரப் பிரிவில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். "மாடியிலேர்ந்து இன்ஸ்பெக்டர் கூப்பிடுறாங்க, போய் சரண்டர் ஆயிடு" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது அவள் காதிலும் விழும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இத்தனை கறாரான இந்தப் பெண்பிள்ளைதான் அந்தப் பதிவேட்டில் ஒரு பொய்யை ஆறு வருடமாக வைத்துக் காப்பாற்றி வந்தாள். அவளுடைய மாமனார் கமதா இசாவோவின் படிவம் அது. 'வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார்' என்று அதில் இருந்தது. அவர் விழுந்தது கூரையிலிருந்து.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, நான்காம் நாள் பளிச்சென்று வெயிலடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்களைக் கொல்வது பனி கொட்டுகிற நாட்கள் அல்ல, இந்த வெயில் நாட்கள்தான். ஓட்டின்மேல் அடிப்பனி இளகி வழுக்கத் தொடங்கும். அதே நேரம் பார்த்து ஊரிலுள்ள கிழங்கள் எல்லாம், பாரத்தில் வீடு இறங்காமலிருக்கப் பனியைத் தள்ள, மண்வாரியும் கையுமாகக் கூரை ஏறும். இசாவோவுக்கு எழுபத்தொன்பது வயது. இனிமேல் ஏறமாட்டேன் என்று மகன் தெட்சுரோவுக்கு, செத்துப்போன மனைவியின் படத்தின் முன்னால், வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானே ஏறுகிறேன் என்று தெட்சுரோ சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு வியாழக்கிழமை. எதிர்வீட்டுக் கூரை காலையிலேயே சுத்தமாகிவிட்டது. தன் வீட்டுக் கூரை மட்டும் ஆள் உயரப் பனியோடு தெருவுக்கே தெரிய நிற்பதை இசாவோவால் பொறுக்க முடியவில்லை. விடுமுறையில் வீட்டிலிருந்த மருமகள்தான் கொட்டகையிலிருந்து ஏணியை எடுத்துக் கொடுத்தாள்.

மேற்குப் பக்கத்தில் தொப்பென்று சத்தம் கேட்டபோது சுமியே அடுப்பில் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் இசாவோ பனியில் இடதுபக்கமாகக் கிடந்தார். நினைவு இருந்தது. பேச்சும் இருந்தது.

"தெட்சுரோகிட்ட சொல்லிடாத. வாசல்ல வழுக்கிட்டேன்னு சொல்லு" என்றார்.

விழுந்தவரை அசைக்கக்கூடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியவள் சுமியே. அன்றைக்கு அவள் காய்கறி இழுத்துவரும் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டில் மாமனாரை ஏற்றி வாசல்வரை இழுத்து வந்தாள். அவருடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசல் செருப்பை மாட்டினாள். மேலெல்லாம் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். ஏணியைக் கொட்டகையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அவசரப் பிரிவில் அன்று இருந்தது குசாகா என்ற டாக்டர். முப்பத்தொரு வயது, வேலைக்குப் புதிது. எங்கே விழுந்தார் என்று கேட்டார். வாசலில் என்றாள். வாசலில் வழுக்கிய கிழவருக்கு எதைப் பார்ப்பார்களோ அதைப் பார்த்தார்: இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ரத்த அழுத்தம் இறங்கியது. "வயித்தப் பாருங்க டாக்டர்" என்று சுமியே கத்தினாள். ஏன் என்று சொல்லவில்லை. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் நின்றது. சாயங்காலம் அறுவை மேசையிலேயே இசாவோ இறந்துபோனார்.

மூன்றாம் நாள் குசாகா வீட்டுக்கு வந்தார். தெட்சுரோவின் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்து, "நான் பார்க்கத் தவறிட்டேன், ரெண்டு மணி நேரம் முன்னால பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரு" என்றார். மழுப்பவில்லை, சாக்குச் சொல்லவில்லை. தெட்சுரோ ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வயித்துல கைய வெச்சுப் பார்க்கணும்னுகூட உங்களுக்குத் தோணலையா?"

குனிந்த தலை நிமிரவே இல்லை. கணவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சுமியேவுக்கு அந்த இளைஞனின் உச்சந்தலை தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளைப் பதிவேட்டு அறையில் உட்காரவைத்தபோது, மாமனாரின் படிவத்தை அவளே திறந்து பார்த்தாள். 'தகவல் தந்தவர்: மூத்த மகன்' என்று தெட்சுரோவின் கையெழுத்து. மனைவி சொன்னதை நம்பி அவர் போட்ட கையெழுத்து. அதை மூடிவைத்துவிட்டு மற்றவர்களின் படிவங்களில் இன்ஸ்பெக்டர் ஆனாள். அவளுடைய கறார்த்தனம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பொய் சும்மா கிடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது வேலை செய்யத் தொடங்கியது. குசாகா அந்தச் சாவை விடவில்லை. வாசலில் வழுக்கும் முதியவர்களுக்கும் உள்ளே ரத்தம் கசியலாம் என்று, எங்கள் பக்கத்துப் படிவங்களையெல்லாம் திரட்டிக் கட்டுரை எழுதினார். கட்டுரையின் முதல் நோயாளி 'எழுபத்தொன்பது வயது ஆண்'. நாலே வருடத்தில் வாசலில் விழுந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று கணக்குச் சொன்னார். நகரசபை அதிசயமாகக் காதுகொடுத்துக் கேட்டது. வழுக்காத ரப்பர் விரிப்புகளை வீடு வீடாகக் கொடுப்பதென்று முடிவானது.

எங்கள் பேட்டையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தெட்சுரோ. விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே இழுத்துக்கொண்டு போனார். "எங்கப்பா வாசல்ல வழுக்கித்தான் போய்ச் சேர்ந்தாரு. இத விரிச்சுப் போடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு பதினேழு வீடு" என்பார். அப்பா போனபிறகு அந்த முகத்தில் கொஞ்சமாவது தெளிவு வந்தது அந்த விரிப்புகளால்தான். சுமியே தலையை ஆட்டிக்கொண்டு சோறு போடுவாள். சொல்லலாமா என்று அவள் நினைக்காத நாளில்லை. சொன்னால் கணவனிடமிருந்து தகப்பனின் சாவையும், அந்தச் சாவுக்கு அவர் கண்டுபிடித்து வைத்திருந்த அர்த்தத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்கவேண்டும். அதற்கப்புறம் தன் முகத்தில் அவர் விழிப்பாரா என்பதும் சந்தேகம்.

விரிப்புப் போட்டு இரண்டு குளிர்காலம் போயிற்று. அதில் மட்டும் நாற்பத்துமூன்று பேர் வாசலில் விழுந்திருந்தார்கள். குசாகா தாள்களை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"விரிப்புப் போட்டப்புறம் ஏன் ஏறுது சிஸ்டர்? எங்க தப்புப் பண்றோம்?"

"பனி ஜாஸ்தி டாக்டர்" என்றாள் சுமியே.

இந்தப் பிப்ரவரியில்தான் மினகாவா யோஷிசோ என்ற எண்பத்தொரு வயதுக்காரர் வந்தார். வாசலில் வழுக்கியதாகப் படிவம் சொன்னது. குதிகால் எலும்பு இரண்டும் நொறுங்கியிருந்தன, அதை எலும்பு டாக்டர் பார்த்தார். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது, அதை நரம்பு டாக்டர் பார்த்தார். இரண்டு காலும் அசையவில்லை. அவரவர் அவரவர் துண்டைப் பார்த்துவிட்டுப் போக, எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் மூன்றாவது மாடியில் சுமியேவின் மேசை. வாசலில் வழுக்குகிறவன் உட்கார்ந்தபடி விழுவான், இடுப்போ மணிக்கட்டோ போகும். இரண்டு குதிகாலும் நொறுங்கவேண்டுமென்றால் உயரத்திலிருந்து நின்றபடி வந்து இறங்கவேண்டும். அவள் அன்று முழுக்க உட்கார்ந்து வாசல் படிவங்கள் எண்பத்துநாலையும் எடுத்துப் பார்த்தாள். குதிகால், குதிகால், நசுங்கிய முதுகெலும்பு, இடது விலா, குதிகால். தன் வீடு மட்டும்தான் பொய் சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஊரே சேர்ந்து சொல்லியிருக்கிறது.

மாத முடிவில் நகரசபைக் கூட்டம். இன்னொரு தவணை விரிப்பு வாங்குவதா என்று குசாகாவின் கணக்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்யப்போகிறார்கள். அந்தக் கணக்கு பொய்யென்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது சுமியேவுக்கு உறைத்தது.

யோஷிசோவின் மனைவி கினு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. சுமியே படிவத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அவரு எங்க விழுந்தாரு?"

"வாசல்ல. ஆம்புலன்ஸ்காரங்ககிட்டயே சொன்னேனே."

"உங்க வாசல் எத்தனை அடி உயரம்?"

"வாசலுக்கு என்ன உயரம். ஒரு படி."

"ஒரு படியிலேர்ந்து விழுந்தா குதிகால் ரெண்டும் நொறுங்காது பெரியம்மா."

"அந்த மனுஷன் கனம் ஜாஸ்தி."

"நாப்பத்தொன்பது கிலோ. இங்க எழுதியிருக்கு."

கினு ஆப்பிளையே பார்த்தாள். "எப்படி ஏறுவாரு? போன புத்தாண்டுக்கு வந்தப்ப எங்க மகன் ஏணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிய டோக்கியோவுக்கே எடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்ப யார் வீட்டு ஏணி?"

"நான் ஏணியப் பத்திப் பேசவே இல்லையே."

"நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

கிழவி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களுக்குன்னு அவன் ஒருத்தன்தான். அப்பாவ ஏறவிடாதம்மான்னு அழுதுட்டுப் போனான். அவன்கிட்டப் போயி நான் என்னன்னு சொல்றது? ஏன் நர்சம்மா, உங்க வீட்டுல நடந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சுமியேவின் கையிலிருந்த பேனா நின்றது. இந்தக் கேள்வியை யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று ஆறு வருடமாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள். கேட்டது ஒரு கிழவி, அதுவும் ஆப்பிள் சீவிக்கொண்டு.

"சொல்லலை" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஏணி, சூப், சறுக்குத் தட்டு, பூட்ஸ், மண்ணீரல், டாக்டரின் உச்சந்தலை. உயிரோடிருக்கும் ஒருவரிடம் அவள் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. கினு கேட்டு முடித்துவிட்டு ஆப்பிளில் ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"பக்கத்து வீட்டு ஏணி" என்றாள். "அந்த வீட்டுக்காரருதான் கைய பிடிச்சாரு, நான் கால பிடிச்சேன். ரெண்டு பேருமா வாசலுக்குத் தூக்கிட்டு வந்தோம். பூட்ஸ நான்தான் கழட்டினேன். தூக்கறப்ப எங்க வீட்டுக்காரரு ஒரு சத்தம் போட்டாரு. அதுக்கப்புறம்தான் கால் மரத்துப்போச்சுன்னாரு." நிமிர்ந்து சுமியேவைப் பார்த்தாள். "நாங்க தூக்கினதாலயா?"

இல்லை என்று சொல்ல சுமியேவுக்கு எவ்வளவோ ஆசை. "தெரியாது பெரியம்மா. டாக்டருக்கும் தெரியாது. விழுந்தப்பவே நரம்பு போயிருக்கலாம், தூக்கினப்ப போயிருக்கலாம்."

கிழவி வெகுநேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்குங்க. என் பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

அன்றைக்கே சுமியே குசாகாவின் அறைக்குப் போனாள். இப்போது அவருக்கு முப்பத்தேழு வயது, இந்தப் பிரிவின் பதிவேடும் ஆராய்ச்சியும் அவர் பொறுப்பு. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"டாக்டர், உங்க கட்டுரையில வர்ற முதல் ஆளு வாசல்ல விழல."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு பழக்க தோஷத்தில் படிவத்தின் கேள்வியையே கேட்டார்.

"எவ்வளவு உயரம்?"

"பதினோரு அடி."

"பதினோரு அடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலையிலேர்ந்து கால்வரைக்கும் ஸ்கேன் எடுத்திருப்பேன். அது இங்க வழக்கம்."

"தெரியும். நானும் இதே ஆஸ்பத்திரி நர்ஸ்தானே."

"தெரிஞ்சுமா" என்றார் குசாகா. எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "கடைத்தெருவுல உங்க வீட்டுக்காரரைப் பார்த்தா நான் வேற தெருவழியாப் போறேன் சிஸ்டர். ஆறு வருஷமா. கொஞ்ச நேரம் வெளிய இருங்க. இப்ப உங்க முகத்தப் பார்க்க முடியல."

நாற்பது நிமிடம் அவள் நடைவழியில் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கதவு திறந்தபோது குசாகாவின் கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"படிவத்தத் திருத்தணும்னா தகவல் தந்தவர் கையெழுத்து வேணும். உங்க கையெழுத்து செல்லாது. தந்தவர் உங்க வீட்டுக்காரர்."

"ஆமா."

"அவருகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். இந்த ஒரு படிவத்த விட்டுட்டு மத்ததெல்லாம் திருத்திக்கலாம்னும் சொல்லமாட்டேன். அப்படிச் செஞ்சா ஊர்ல வேற யாரையும் கேக்க நமக்கு வாயே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெட்சுரோ தெருப் பனியை ஒதுக்கிவிட்டு வந்து அடியில் சூடு வைத்த கணப்பு மேசைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்தார். சுமியே தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் வைத்தாள். பக்கத்தில் படிவத்தை வைத்தாள். ஓய்வூதியத் தாளோ என்று அவர் கண்ணாடியைத் தேடினார்.

"என்னங்க, மாமா வாசல்ல விழல" என்றாள்.

இந்த முறை சொல்வது சுலபமாக இல்லை. இரண்டு பேரிடம் சொல்லிப் பழகியது எதற்கும் உதவவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தேநீரைத் தொடவில்லை.

"எந்தப் பக்கம்?"

"மேற்குப் பக்கம்."

"அவரு ஏறினது உனக்குத் தெரியுமா?"

"ஏணிய எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"எனக்கு வாக்குக் குடுத்திருந்தாரு."

"எதிர்வீட்டுக் கூரை சுத்தமா இருந்துச்சு. அவருக்குப் பொறுக்கல. எனக்கும் பொறுக்கல."

தெட்சுரோ கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டாக்டர் இங்க வந்து நின்னப்ப நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ எனக்குப் பின்னாடிதான நின்ன."

"ஆமா."

கூரையில் பனி நகர்கிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். பிறகு அவர் பேனாவை எடுத்து, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதிப் பழகிய உருண்டை எழுத்தில், கட்டம் கட்டமாக நிரப்பினார். இடம்: கூரை, மேற்குப் பக்கம். உயரம்: பதினோரு அடி. காலில்: ரப்பர் பூட்ஸ். கயிறு: இல்லை. கூட இருந்தவர் என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

"உன்ன என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல சுமியே" என்றார். "இது சரியா இருக்கணும். அவ்வளவுதான் தெரியுது."

அன்று முதல் அவர் படுக்கை அப்பாவின் அறைக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குசாகாவைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. சுமியேவும் கேட்கவில்லை, கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்துக்கு முன் இருந்த நாட்களில் அவள் வாசல் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பத்தொன்பது குடும்பம் உண்மையைச் சொன்னது. பத்தொன்பதும் கூரை. அதில் பன்னிரண்டு வீட்டில் விழுந்தவரை வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். குசாகா நகரசபையில் எழுந்து நின்று, என் கட்டுரை தவறு, உங்களை விரிப்பு வாங்க வைத்ததும் தவறு என்றார். பத்திரிகைக்கும் எழுதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தன் தப்பில்லாத ஒன்றுக்கு அவர் இரண்டாம் தடவை தலைகுனிந்தது சுமியேவுக்கு நெஞ்சை அறுத்தது. நகரசபை முணுமுணுத்துவிட்டு, ஒரு பேட்டையில் மட்டும் கூரைக்குக் கொக்கியும் இடுப்புக்குக் கயிறும் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. எங்கள் பேட்டையில்.

நவம்பரில் கயிறுகள் வந்தன. தெட்சுரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது, "நீயும் வா" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அவராக அவளைக் கூப்பிட்டது அதுதான்.

முதல் வீட்டு வாசலில் அவர் சொன்னார்: "எங்கப்பா வாசல்ல வழுக்கினாருன்னு உங்ககிட்டச் சொல்லி விரிப்புக் குடுத்தேன். அது பொய். கூரையிலேர்ந்து விழுந்தாரு." சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மிச்சத்தைத் தான்தான் சொல்லவேண்டும் என்று சுமியேவுக்கு மெல்லப் புரிந்தது.

"நான்தான் வாசலுக்கு இழுத்துட்டு வந்தேன்" என்றாள். "நான்தான் பொய் சொன்னேன். டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா அவரு பிழைச்சிருப்பாரு."

அந்த வீட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அவர் அதே இடத்தில் நிறுத்தினார். அதற்கடுத்த வீட்டிலும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வீடு. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று அவள் நினைத்தாள். பழகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முதல் தடவை போலவே இருந்தது. தண்டிக்கிறாரா, துணைக்கு நிற்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் கயிறு வேண்டாம் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

நான்காம் நாள் தகிசாவா அம்மாளின் வீடு. அவளுடைய கணவர் இரண்டு வருடம் முன் போய்ச் சேர்ந்தவர், எண்பத்துநாலு படிவத்தில் ஒருவர். பிப்ரவரியில் சுமியே வந்து கேட்டபோது, வாசல்தான் என்று சத்தியம் செய்து கதவைச் சாத்தியவள் இவள். தெட்சுரோ தன் பாதியைச் சொன்னார். சுமியே தன் பாதியைச் சொன்னாள். கிழவி காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றை வாங்கக் கை நீட்டவில்லை.

"எங்க வீட்டுலயும் வாசல் இல்ல" என்றாள்.

சுமியே பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். குளிரில் விரல் விறைத்து, பேனா கைக்கு அகப்படவில்லை. தெட்சுரோ கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தார்.

"எந்தப் பக்கத்துக் கூரை பெரியம்மா?" என்று கேட்டாள் சுமியே.

"தெற்குப் பக்கம்" என்றாள் கிழவி. "ஏணிய நான்தான் பிடிச்சிட்டிருந்தேன்."